அலுவலக ஒப்புதலை மென்பொருளில் அமைப்பது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் நிறுவனம் பம்பு உதிரிபாகங்கள் தயாரிக்கிறது. கொள்முதல் கோரிக்கைகள் இப்போது மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் போகின்றன. மேலாளரிடமிருந்து ‘சரி’ என்று ஒரு சொல் வந்தால் அதையே ஒப்புதலாக எடுத்துக்கொள்கிறோம். பிறகு, எந்த விலைப்புள்ளிக்குச் சரி என்றார் என்பதில் தகராறு வருகிறது. எங்களிடம் மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருக்கிறது. அதிலேயே முறையான ஒப்புதல் ஏற்பாட்டைச் செய்துகொள்ள முடியுமா? எங்கிருந்து தொடங்க வேண்டும்?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: முடியும். மைக்ரோசாஃப்ட் 365-இன் பெரும்பாலான வணிகச் சந்தாக்களில், கோப்புகளையும் பட்டியல்களையும் பகிர்ந்து வைக்கும் ஷேர்பாயின்ட், குழு உரையாடலுக்கான டீம்ஸ் ஆகியவற்றுடன், அலுவலக வேலைப் படிகளைத் தானாக இயக்கும் பவர் ஆட்டோமேட்டின் அடிப்படை உரிமமும் சேர்ந்தே வருகிறது. ஒப்புதல் கேட்கும் வசதி அந்த அடிப்படை உரிமத்துக்குள் அடங்கிவிடும். ஆனால், கணினியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். ஒப்புதல் ஏற்பாடு பயன்படாமல் போன அலுவலகங்களில் பெரும்பாலும் மென்பொருளில் குறை இருப்பதில்லை. யார் எதற்குப் பொறுப்பு என்பதை முடிவு செய்யாமலேயே அமைத்துவிட்டு, அந்தக் குழப்பத்தை மென்பொருளுக்குள் கொண்டுபோய் வைத்திருப்பார்கள்.

தாளில் முதலில் எழுத வேண்டியது, ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதுதான். நம் அலுவலகங்களில் மரியாதைக்காகவும், ‘பிறகு தெரியாது என்று சொல்லிவிடக் கூடாது’ என்ற முன்னெச்சரிக்கைக்காகவும் ஒப்புதல் பட்டியலில் பெயர்களைச் சேர்த்துக்கொண்டே போகும் வழக்கம் இருக்கிறது. ஐந்து பேர் கையெழுத்திட வேண்டிய கோரிக்கையில், மற்ற நால்வர் பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பிவிடுவதால், கடைசியில் ஒருவருமே விலைப்புள்ளியைப் படித்திருக்க மாட்டார்கள். மறுக்கும் அதிகாரம் உள்ளவரை மட்டும் ஒப்புதல் அளிப்பவராக வையுங்கள். தெரிந்திருந்தால் போதும் என்பவர்களுக்கு முடிவு வந்த பிறகு ஓர் அறிவிப்பு மின்னஞ்சல் போனால் போதும். உங்களைப் போன்ற ஒரு தொழிற்கூடத்தில், பொருள் தேவைதானா என்பதை உற்பத்தி மேலாளரும், பணம் ஒதுக்க முடியுமா என்பதைக் கணக்கு மேலாளரும், குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் நிர்வாக இயக்குநரும் முடிவு செய்வது போதுமானது. நான்காவதாக ஒருவர் வேண்டுமென்று தோன்றினால், அவர் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறார் என்பதை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் அவர் பெயர் அங்கே தேவையில்லை.

அடுத்து, கோரிக்கையில் இருக்க வேண்டிய விவரங்கள். பொருள், அளவு, மதிப்பீட்டுத் தொகை, வழங்குபவர், எந்தத் தேதிக்குள் தேவை, கேட்கும் பிரிவு ஆகியவை நெடுவரிசைகளாக அமையும்படி ஷேர்பாயின்ட்டில் ஒரு லிஸ்ட் (ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு வரிசையாகப் பதிவாகும் அட்டவணை) உருவாக்குங்கள். ‘நிலை’ என்று ஒரு நெடுவரிசையும் இருக்கட்டும். அதில் புதியது, காத்திருப்பு, ஒப்புதல், மறுப்பு, திருப்பி அனுப்பப்பட்டது ஆகிய தேர்வுகள் போதும். விலைப்புள்ளியை அந்த வரிசையிலேயே இணைப்பாகச் சேர்க்க வேண்டும் என்பதைக் கட்டாயமான நடைமுறையாக்குங்கள். எதற்குச் ‘சரி’ என்றார் என்ற உங்கள் தகராறு தீர்வது இந்த ஓர் இடத்தில்தான்: கேட்ட தொகையும், விலைப்புள்ளியும், பதிலும் ஒரே வரிசையில் இருக்கும்போது அந்தக் கேள்விக்கே இடமில்லை.

இதன் மேல் பவர் ஆட்டோமேட்டில் ஒரு ஃப்ளோ, அதாவது ஒன்றன்பின் ஒன்றாகத் தானே இயங்கும் படிகளின் தொடர், அமைக்க வேண்டும். லிஸ்டில் புதிய வரிசை சேரும்போது அது தொடங்கும். ‘ஸ்டார்ட் அண்ட் வெயிட் ஃபார் ஆன் அப்ரூவல்’ என்ற படி, குறித்த நபருக்கு அவுட்லுக்கிலும் டீம்ஸிலும் கோரிக்கையை அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும். பதில் வந்ததும் நிலையை மாற்றி, கேட்டவருக்குத் தகவல் சொல்லும். அந்தப் படியில் ஒப்புதலின் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது அவசரப்பட வேண்டாம். எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற வகையில், ஒருவர் மறுத்த உடனேயே மற்றவர்களுக்காகக் காத்திராமல் கோரிக்கை மறுக்கப்பட்டதாக முடிந்துவிடும். முதலில் பதில் சொல்பவர் முடிவே இறுதி என்ற வகை, சமமான பொறுப்பில் இருவர் இருந்து ஒருவர் பார்த்தால் போதும் என்னும் இடத்துக்கு ஏற்றது. ஒருவருக்குப் பின் ஒருவராகச் செல்லும் வகையும் இருக்கிறது. தேவையைப் பார்த்த பிறகே பணத்தைப் பார்க்க வேண்டும் என்ற உங்கள் வரிசைக்கு அதுதான் பொருந்தும்.

பதில்களை நாமே எழுதிக்கொள்ளும் இன்னொரு வகையும் உண்டு. அதைப் பயன்படுத்தி ‘கூடுதல் விவரம் தேவை’ என்ற மூன்றாவது பொத்தானைச் சேர்க்கும்படி பரிந்துரைக்கிறேன். ஒப்புதல், மறுப்பு என இரண்டே வழிகள் இருந்தால், ஐயம் உள்ள மேலாளர் இரண்டையும் அழுத்தாமல் கோரிக்கையை அப்படியே விட்டுவிடுவார். தாமதங்களில் பெரும்பகுதி இப்படிப் பிறப்பதுதான். மறுப்புக்குக் காரணம் எழுதாமலேயே பொத்தானை அழுத்தவும் இந்தச் செயலி அனுமதிக்கிறது என்பதால், காரணம் இல்லாத மறுப்பு செல்லாது என்பதை அலுவலக விதியாகவே அறிவித்துவிடுங்கள். கருத்துக் கட்டம் காலியாக இருந்தால் மறுத்தவருக்கே நினைவூட்டல் போகும்படி ஃப்ளோவிலும் ஒரு நிபந்தனை வைக்கலாம். கேட்டவருக்கு ஏன் மறுத்தார்கள் என்று தெரிவதும் அந்த அலுவலகம் அவரை மதிப்பதன் ஒரு பகுதிதான்.

எந்தத் தொகைக்கு மேல் இயக்குநருக்குப் போக வேண்டும் என்ற வரம்பையும், எந்தப் பிரிவுக்கு யார் ஒப்புதல் அளிப்பவர் என்பதையும் ஃப்ளோவுக்குள் எழுதிப் புதைத்துவிடாதீர்கள். அவற்றுக்குத் தனியாக ஒரு சிறிய லிஸ்ட் வைத்து, ஃப்ளோ அதைப் படிக்கும்படி செய்யுங்கள். மேலாளர் மாறினால் ஒரு வரிசையைத் திருத்தினால் முடிந்தது. பயனரின் மேலாளர் யார் என்பதை நிறுவனக் கணக்கு விவரங்களிலிருந்து தானாக எடுக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் அந்த விவரம் நிரப்பப்படாத ஒருவர் கோரிக்கை அனுப்பும்போது ஃப்ளோ பிழையோடு நின்றுவிடும். சிறிய நிறுவனங்களில் அந்த விவரம் முழுமையாக இருப்பது அரிது என்பதால் தனி லிஸ்டே பாதுகாப்பானது.

முதல் ஒப்புதலை அனுப்பும்போது பின்னணியில் டேட்டாவெர்ஸ் என்ற தரவுத்தளம் தானாக உருவாகும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம், ஃப்ளோ நின்றுவிட்டதாக எண்ணி நிறுத்திவிட வேண்டாம். எல்லா ஒப்புதல்களும் முதலில் உங்களுக்கே வரும்படி அமைத்துச் சோதித்துவிட்டு, பிறகு ஒரே ஒரு பிரிவில் மட்டும் நடைமுறைப்படுத்துங்கள். அந்தப் பிரிவில் வாட்ஸ்அப் ஒப்புதலை அன்றே நிறுத்திவிட வேண்டும் என்பது முக்கியம். இரண்டு வழிகளும் திறந்திருந்தால் எல்லோரும் பழைய வழியில்தான் நடப்பார்கள்.

கேள்வி: வலைத்தள உதவிக்குறிப்புகளைப் பார்த்து ஃப்ளோ அமைத்தேன். ஒப்புதல் கொடுத்ததும், அதே கோரிக்கைக்கு மீண்டும் மீண்டும் ஒப்புதல் கேட்டு மின்னஞ்சல் வந்துகொண்டே இருக்கிறது. என்ன தவறு?
– மதுரை வாசகி

பதில்: உங்கள் ஃப்ளோ ‘வரிசை சேர்க்கப்பட்டாலோ மாற்றப்பட்டாலோ’ என்ற தொடக்கத்தில் (ட்ரிக்கர்) அமைந்திருக்கிறது. ஒப்புதல் வந்ததும் ஃப்ளோவே அந்த வரிசையின் நிலையை மாற்றுகிறது. அந்த மாற்றமே அதை மறுபடி தொடங்கிவைக்கிறது. ‘வரிசை சேர்க்கப்பட்டால்’ என்ற தொடக்கத்துக்கு மாறிவிட்டால் சிக்கல் தீரும். திருத்திய கோரிக்கைகளும் மறுபடி ஒப்புதலுக்குப் போக வேண்டும் என்றால், தொடக்கத்தின் அமைப்புகளில் நிபந்தனை சேர்க்கும் இடம் இருக்கிறது. நிலை ‘புதியது’ என்று இருந்தால் மட்டுமே தொடங்க வேண்டும் என்று அங்கே எழுதுங்கள். ஃப்ளோவுக்கு உள்ளே நிபந்தனை வைத்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அது தொடங்கிப் பார்த்துவிட்டு முடியும். ஃப்ளோ ஒவ்வொரு முறை இயங்குவதையும் ஓர் ஓட்டமாகக் குறிக்கும் பட்டியல் வீணாக நிறையும். தொடக்கத்திலேயே வைத்தால் தொடங்கவே தொடங்காது.

கேள்வி: எங்கள் பின்னலாடை நிறுவனத்தில் வழங்குபவர்களின் பில்களுக்கு ஒப்புதல் ஃப்ளோ இருக்கிறது. இயக்குநர் வெளிநாடு போகும்போது பில்கள் வாரக்கணக்கில் நிற்கின்றன. சில பில்கள், அவர் பிறகு ஒப்புதல் அளித்தும் நகரவே இல்லை. அவசரத்துக்கு அவருடைய கடவுச்சொல்லை வாங்கி உதவியாளரே ஒப்புதல் அளிக்கிறார். இது சரியா?
– திருப்பூர் வாசகர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: சரியில்லை, இன்றே நிறுத்துங்கள். ஒப்புதல் பதிவு என்பது, இன்னார் இந்த நாளில் இந்தத் தொகைக்கு முடிவு செய்தார் என்ற சான்று. உதவியாளர் இயக்குநரின் கணக்கில் நுழைந்து பொத்தானை அழுத்திவிட்டால், அந்த ஒரு பில் மட்டுமல்லாமல் இயக்குநர் பெயரில் இதுவரை பதிவான எல்லா ஒப்புதல்களும் ஐயத்துக்கு உரியவை ஆகின்றன. நாளை ஒரு தவறான பில்லுக்குப் பணம் போய்விட்டால், நியாயமாக நடந்துகொண்ட அந்த உதவியாளருக்கும் தன்னைக் காத்துக்கொள்ள வழி இருக்காது.

நகராமல் நின்ற பில்களுக்குக் காரணம், பவர் ஆட்டோமேட்டின் ஒரு வரம்பு. ஓர் ஓட்டம் அதிகபட்சம் 30 நாள்தான் உயிரோடு இருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் காத்திருந்த ஃப்ளோ முடிந்துபோகும். பிறகு இயக்குநர் ஒப்புதல் அளித்தாலும் அதைப் பெற்று அடுத்த படிக்குக் கொண்டுபோக அங்கே எதுவும் இல்லை. அந்தப் பில்களைப் புதிதாகத்தான் அனுப்ப வேண்டும்.

30 நாளை எட்டவே விடக் கூடாது என்பதே என் ஆலோசனை. காத்திருக்கும் படியின் அமைப்புகளில் கால அளவு கொடுக்கலாம்; பி, 3, டி ஆகியவற்றை இடைவெளியின்றி ஆங்கிலத்தில் (P3D) எழுதினால் மூன்று நாள் என்று பொருள். அந்தப் படியை அடுத்து வரும் படியில், முந்தையது காலாவதியானால் மட்டும் இயங்க வேண்டும் என்று குறித்துவிட்டால், மூன்று நாள் பதில் இல்லாத பில் மாற்று அலுவலருக்குத் தானாகப் போய்விடும். அந்த மாற்று அலுவலர் யார், எவ்வளவு தொகை வரை அவர் முடிவு செய்யலாம் என்பதை இயக்குநர் எழுத்தில் தர வேண்டும். முன்கூட்டியே தெரிந்த பயணமாக இருந்தால், தன்னிடம் இருக்கும் கோரிக்கையை வேறொருவருக்கு மாற்றி அனுப்பும் வசதி ஒப்புதல் திரையிலேயே இருக்கிறது. அப்படி மாற்றியதும் பதிவில் தெரியும்.

பில் ஒப்புதலைப் பொறுத்தவரை இதில் சட்டமும் சேர்ந்திருப்பதால் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, அச்சட்டத்தின் கீழ் வரும் குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கிய பொருளுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தைத் தள்ளிப்போட முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து இது கணக்காகும். பொருள் வந்து 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை என்றால், வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாந்தரக் கூட்டு வட்டியாக, 16-ஆம் பிரிவின் கீழ் சேரும். உங்களுக்குச் சாயமிடுபவரும், எம்பிராய்டரி செய்பவரும், அட்டைப்பெட்டி வழங்குபவரும் பெரும்பாலும் இந்த வகையினராகத்தான் இருப்பார்கள். ஆகவே உங்கள் லிஸ்டில் பில் தேதியோடு பொருள் வந்து சேர்ந்த தேதிக்கும் ஒரு நெடுவரிசை இருக்கட்டும். நினைவூட்டல்கள் அந்தத் தேதியிலிருந்து எண்ணி எழட்டும். ஒப்புதல் கோரிய தேதியிலிருந்து எண்ணினால், பில் கணக்குப்பிரிவின் மேசையில் பத்து நாள் கிடந்தது எவர் கண்ணிலும் படாது. சிறிய பட்டறை நடத்துபவர் அந்தப் பணத்தை நம்பித்தான் சனிக்கிழமை கூலி கொடுக்கிறார் என்பதையும் இயக்குநரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: வார்ப்படத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். செயல்முறை ஆவணங்களையும் வரைபடங்களையும் ஷேர்பாயின்ட் லைப்ரரியில் வைத்து ஒப்புதல் வாங்குகிறோம். ஒப்புதல் வாங்கிய பிறகு யாரோ ஓர் அளவை மாற்றிவிட்டார்; கோப்பு இன்னும் ‘ஒப்புதல் பெற்றது’ என்றே காட்டிக்கொண்டிருந்தது. இதை எப்படித் தடுப்பது?
– ஓசூர் வாசகர்

பதில்: மிக முக்கியமான கேள்வி. உங்கள் லைப்ரரியில் ‘ஒப்புதல் பெற்றது’ என்பது நாமாகச் சேர்த்த ஒரு சாதாரண நெடுவரிசை என்று தெரிகிறது. அது கோப்பின் உள்ளடக்கத்தோடு எந்த வகையிலும் பிணைக்கப்படவில்லை. கோப்பு மாறினாலும் அது மாறாது.

லைப்ரரி அமைப்புகளில் பதிப்பு அமைப்புகள் என்ற பகுதிக்குப் போனால், சமர்ப்பிக்கப்படும் கோப்புகளுக்கு உள்ளடக்க ஒப்புதல் தேவையா என்று கேட்கும் வரி முதலிலேயே இருக்கும். அதை இயக்குங்கள், முதன்மைப் பதிப்புகளோடு வரைவுப் பதிப்புகளையும் இயக்குங்கள். வரைவுகளை யார் பார்க்கலாம் என்ற கேள்விக்கு, ஒப்புதல் அளிக்கும் உரிமை உள்ளவரும் எழுதியவரும் மட்டும் என்ற தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். இதன் பிறகு ஒப்புதல் பெற்ற கோப்பில் யாராவது கை வைத்தால், அந்தத் திருத்தம் வரைவாகவே நிற்கும். பணித்தளத்தில் படிப்பவர்களுக்குக் கடைசியாக ஒப்புதல் பெற்ற பதிப்பே தொடர்ந்து தெரியும். திருத்தியவர் அதை முறையாகச் சமர்ப்பித்து ஒப்புதல் கிடைத்தால்தான் புதியது வெளியே வரும். ஃப்ளோவும் தனி நெடுவரிசையைத் தொடாமல், இந்த உள்ளடக்க ஒப்புதல் நிலையை மாற்றும் படியையே பயன்படுத்த வேண்டும்.

இன்னும் ஓர் இடைவெளி இருக்கிறது. கோப்பு ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் நாள்களில், மேலாளர் ஒரு பதிப்பைப் பார்த்துக்கொண்டிருக்க, வடிவமைப்பாளர் அதையே திருத்திவிடலாம். ஃப்ளோ தொடங்கும்போது கோப்பின் பதிப்பு எண்ணைக் குறித்துவைத்து, பதில் வந்ததும் மறுபடி எடுத்து ஒப்பிடச் செய்யுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் அந்த ஒப்புதலை ஏற்காமல் புதிய பதிப்பை மறுபடி அனுப்ப வேண்டும். பதிப்பு எண்ணை மேலாளருக்குப் போகும் கோரிக்கையின் தலைப்பிலேயே எழுதிவிடுவதும் நல்லது. எதற்கு ஒப்புதல் என்பது மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் யார் ஒப்புதல் அளித்தார் என்பதற்குப் பொருளே இல்லை. உருகிய இரும்பை ஊற்றும் அளவோ வெப்பநிலையோ தவறிப்போனால் அதன் விளைவு முதலில் தொழிலாளியின் மீதுதான் விழும் என்பதால், இந்தப் பகுதியில் சிக்கனமோ அவசரமோ வேண்டாம்.

அச்சிட்டுச் சுவரில் ஒட்டிய பழைய வரைபடங்களை எந்த மென்பொருளும் கழற்றாது என்பதையும் நினைவில் வையுங்கள். புதிய பதிப்புக்கு ஒப்புதல் கிடைத்ததும், பழைய அச்சுப்படிகளை அகற்ற வேண்டிய பொறுப்பாளருக்கு ஓர் பணி தானாகப் போகும்படி கடைசிப் படியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஃப்ளோ அமைத்துக் கொடுத்த ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவருடைய மின்னஞ்சல் கணக்கை மூடியதும் ஒப்புதல்கள் நின்றுவிட்டன. மேலும், தணிக்கையாளர் சென்ற ஆண்டின் ஒப்புதல் விவரங்களைக் கேட்கிறார். ஃப்ளோவில் பழைய ஓட்டங்கள் எதுவும் தெரியவில்லை.
– சென்னை வாசகி

பதில்: ஃப்ளோ, அதை அமைத்தவரின் கணக்கு வழியாகவே ஷேர்பாயின்ட்டையும் அவுட்லுக்கையும் தொடுகிறது. கணக்கு மூடப்பட்டதும் அந்த இணைப்புகள் அறுந்துவிடும். உங்கள் நிறுவனத்தின் மைக்ரோசாஃப்ட் நிர்வாகி, பவர் பிளாட்ஃபார்ம் நிர்வாக மையத்தில் அந்த ஃப்ளோவுக்கு வேறொருவரை இணை உரிமையாளராகச் சேர்க்கலாம். அவர் உள்ளே போய் ஒவ்வோர் இணைப்பையும் தம் கணக்குக்கு மாற்ற வேண்டும். இனி அமைப்பவற்றுக்கு, உரிமம் பெற்ற ஒரு பொது அலுவலகக் கணக்கைப் பயன்படுத்தி, குறைந்தது இருவரை உரிமையாளராக வையுங்கள்.

பழைய ஓட்டங்கள் தெரியாததற்குக் காரணம், ஓட்ட விவரங்கள் 28 நாள் மட்டுமே அங்கே வைக்கப்படுகின்றன என்பதுதான். ஒப்புதல் அளித்தவர், நேரம், பதில், கருத்து ஆகிய நான்கையும், பதில் வந்த கணமே ஃப்ளோ ஒரு தனி லிஸ்டில் எழுதிவைக்கும்படி அமையுங்கள். அந்த லிஸ்டைத் திருத்தும் உரிமை ஃப்ளோ இயங்கும் கணக்குக்கு மட்டும் இருக்கட்டும். சென்ற ஆண்டுக்கான ஒப்புதல்களைப் பொறுத்தவரை, ஒப்புதல் அளித்தவர்களின் ஒப்புதல் திரையில் முந்தைய கோரிக்கைகளின் பட்டியல் இருக்கும். அங்கிருந்து எடுத்துத் தணிக்கையாளருக்குக் கொடுக்க முயலுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் இந்திய நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் பதிவாக வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. அது கணக்கு மென்பொருளுக்கான விதி; உங்கள் ஒப்புதல் லிஸ்ட் அதற்கு ஈடாகாது. ஆனால் கணக்கில் பதிவான ஒரு செலவுக்கு யார் இசைந்தார்கள் என்று கேட்கும்போது காட்டுவதற்கு அந்த லிஸ்டுதான் இருக்கும்.

கேள்வி: எங்கள் கல்வி அறக்கட்டளையில் பல ஆண்டுகளுக்கு முன் ஷேர்பாயின்ட் டிசைனர் என்ற மென்பொருளில் அமைத்த பழைய ஒப்புதல் முறை இருக்கிறது. அதைப் புதியதற்கு மாற்றியே ஆக வேண்டுமா?
– திருச்சி வாசகர்

பதில்: இணையவழி மைக்ரோசாஃப்ட் 365-இல் இருந்தால், ஆம். ஷேர்பாயின்ட் 2010 பதிப்பின் வகையில் அமைந்த ஒப்புதல் முறைகள் அங்கே 2020 நவம்பரிலேயே நிறுத்தப்பட்டுவிட்டன. 2013 வகையைப் புதிய சந்தாதாரர்களுக்கு 2024 ஏப்ரல் 2-ஆம் தேதி நிறுத்திய மைக்ரோசாஃப்ட், ஏற்கெனவே பயன்படுத்துபவர்களுக்கு 2026 ஏப்ரல் 2-ஐ இறுதி நாளாக அறிவித்தது. எந்தெந்தத் தளத்தில் இன்னும் பழைய முறைகள் இருக்கின்றன என்பதைக் கண்டறிய மைக்ரோசாஃப்ட் 365 அசெஸ்மென்ட் என்ற இலவசக் கருவி உதவும்.

மாற்றும்போது பழைய படிகளை அப்படியே பிரதி எடுக்காதீர்கள். பல ஆண்டுகளில் சேர்ந்துபோன படிகள் அவற்றில் இருக்கும். ஓய்வுபெற்ற அலுவலரின் பதவிக்காக வைத்த படி, எப்போதோ நடந்த ஒரு தவறுக்குப் பிறகு சேர்த்த கூடுதல் கையெழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பழங்கதை இருக்கும். ஒப்புதல் அளிப்பவர்களை ஒருமுறை கூட்டி, ஒவ்வொரு படியிலும் கடைசியாக எப்போது மறுத்தார்கள் என்று கேளுங்கள். இதுவரை ஒருமுறைகூட மறுப்பு வராத படியை அறிவிப்பாக மாற்றிவிடலாம். பழைய முறை இன்னும் இயங்கினால், அதன் பணிப்பட்டியலில் காத்திருக்கும் கோரிக்கைகளை அங்கேயே முடித்துவிட்டு, புதிய கோரிக்கைகளை மட்டும் புதிய ஃப்ளோவில் தொடங்குங்கள். நடுவழியில் இருப்பதை இடம் மாற்ற முயன்றால் பாதி ஒப்புதல் பழையதிலும் பாதி புதியதிலும் சிக்கிக்கொள்ளும். பழைய பணிப்பட்டியலையும் வரலாற்றுப் பட்டியலையும் எக்செல் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்ட பிறகே அவற்றை அழிக்கலாம்.